சமையல்கத்தியின் பெயர்கள்: ஜப்பானிலிருந்து ஒரு சொல்வரலாறு

ஜப்பானியச் சமையலறையில் சிறிய கத்தி ஒன்று உண்டு. 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள அலகு. பழத்தோல் சீவவும், காய்களின் காம்பைக் களையவும், நுணுக்கமாகச் செதுக்கவும் பயன்படுவது. அதன் பெயர் 'பெட்டி நைஃபு'. நம் காதில் பெட்டி என்று விழுந்தாலும் பேழைக்கும் அதற்கும் உறவில்லை. முன்பாதி, 'சிறிய' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். பின்பாதி, ஆங்கிலத்தில் கத்தியைக் குறிக்கும் சொல். பிரெஞ்சுக்காரர் அக்கத்தியை இப்பெயரால் அழைப்பதில்லை, ஆங்கிலேயரும் அழைத்ததில்லை. இரு மொழிகளிலும் இல்லாத ஒரு தொடரை மூன்றாவது மொழியொன்று தன் தேவைக்காகக் கட்டிக்கொண்டது.

இதே மேலைச் சமையலறையிலிருந்து ஜப்பானுக்கு வந்த பெரிய கத்தியின் பெயர் 'கியூத்தோ'. இதில் அந்நிய ஒலியே இல்லை. அண்ணன் முழு ஜப்பானியனாகவும் தம்பி பாதி அந்நியனாகவும் நிற்பது ஏன் என்ற கேள்வியைப் பின்தொடர்ந்தால், ஒரு சமூகத்தின் உணவு வரலாறே அதற்குள் மடிந்து கிடப்பதைக் காணலாம்.

சமையல்கத்திக்கு ஜப்பானியப் பொதுப்பெயர் 'ஹோச்சோ'. இதுவும் வந்த சொல்லே. சீனத்துத் தாவோ மரபின் மூலநூலான 'சுவாங்ட்சு'வில் பாவோ டிங் என்றொரு சமையற்காரன் வருகிறான். 'பாவோ' என்றால் அடுக்களை. 'டிங்' அவன் பெயர். அரசன் முன்னிலையில் ஒரு மாட்டை மூட்டு மூட்டாகப் பிரிக்கிறான். எலும்பில் மோதாமல் இடைவெளிகளினூடே செல்வதால், 19 ஆண்டுகள் ஆகியும் அவன் கத்தி கூர் மழுங்கவில்லை. அந்தப் பெயரின் ஜப்பானிய உச்சரிப்பே ஹோச்சோ. முதலில் சமையற்காரனையும், பிறகு சமையல் திறத்தையும், இறுதியில் அவன் கைக்கத்தியையும் குறித்தது. நம் இலக்கணத்தில் இதற்கு ஆகுபெயர் என்று இடம் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், மாடறுத்தவன் பெயரைக் கத்திக்கு இட்ட நாட்டில் மாட்டிறைச்சி விலக்கப்பட்டிருந்தது. பௌத்தச் செல்வாக்கில் பேரரசர் தென்மு கி.பி. 675-இல் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சிக்குத் தடை விதித்தார். அத்தடை எல்லாக் காலத்திலும் ஒரே இறுக்கத்துடன் இருந்ததில்லை. ஆயினும் மாட்டிறைச்சி பொதுச் சமையலுக்குள் வரவில்லை. எனவே மரபான கத்திகள் மீனுக்கும் காய்க்குமே அமைந்தன. மீனைத் துண்டிக்கத் தடித்த 'தெபா', பச்சை மீனை இழையிழையாக அரிய வில்லோ இலை வடிவில் 'யனகிபா', காய்க்கு மெல்லிய 'உசுபா'. இவை மூன்றும் ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தீட்டப்படுபவை. சிறிய மீனுக்கான கத்தி 'அஜிகிரி', அதாவது அஜி மீனை அறுப்பது. எதை அறுக்கிறதோ அதன் பெயரையே கத்திக்கு வைக்கும் வழக்கத்தை இதில் கவனிக்கலாம். 'சிறியது' என்பதை மட்டும் பெயராகக் கொண்ட கத்தி இவ்வரிசையில் இல்லை.

மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி 1872 ஜனவரியில் வெளியானது. மேலைநாட்டாரின் உடல் வலிமைக்கு அவர்கள் உணவே காரணம் என்ற நம்பிக்கை அன்று பரவியிருந்தது. எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. அவ்வாண்டில் அரண்மனைக்குள் நுழைய முயன்ற துறவியர் சிலர் காவலரால் கொல்லப்பட்டனர். மாட்டிறைச்சிக் கடையில் உட்கார்ந்து புதுநாகரிகம் பேசுவோரைக் கேலியும் கனிவுமாகக் காட்டும் கானகாகி ரோபுனின் 'அகுரானபே' வெளிவந்ததும் 1871-72-இல்தான்.

இச்சூழலில் பெயர்பெற்றதே கியூத்தோ. 'கியூ' மாடு, 'தோ' வாள். மாட்டுவாள்! பொது இடத்தில் வாள் தரிப்பதைத் தடுக்கும் ஆணை வந்த ஆண்டு 1876. சாமுராயின் இடுப்பிலிருந்து இறங்கிய வாளைக் குறிக்கும் எழுத்து, அதே மெய்ஜி காலத்தில் அடுக்களைக் கத்தியின் பெயரில் ஏறியது. மேலைக்கருத்துகளுக்கெல்லாம் சீன எழுத்துகளைக் கோத்து அறிஞர்கள் புதுச்சொல் படைத்த காலம் அது. மெய்யியலுக்கு 'தெத்சுகாக்கு' என்ற சொல்லை நிஷி அமானே வழங்கியது அப்போதுதான். சர்ச்சைக்குரிய உணவின் கருவிக்கு மரபான எழுத்துகளில் பெயர் அமைந்தது, அதை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளும் வழியாகவும் இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. சிறிய கத்திக்கோ அப்படி எவரும் மெனக்கெடவில்லை. பிரெஞ்சு முறைச் சமையலே உயர்வெனக் கருதிய உணவகச் சமையலறைகளில், வாய்ப்பேச்சாகப் புழங்கிய பெயரே அதற்கு நிலைத்தது. இன்றும் கியூத்தோவைச் சீன எழுத்தில் எழுதுகிறார்கள். பெட்டி நைஃபை அந்நியச் சொற்களுக்குரிய கதகானா எழுத்தில்.

கத்தியைச் சுற்றிய கடன்சொற்களை அடுக்கினால் ஜப்பானுக்கு வந்த ஐரோப்பியரின் வரிசையே கிடைக்கிறது. 1543-இல் வந்த போர்த்துக்கீசியரின் 'பான்', ரொட்டி அறுக்கும் 'பான்கிரி' கத்தியில் இருக்கிறது. ஈழத்தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்பதும் இதே சொல்தான். டச்சுக்காரரின் 'மெஸ்' அவர்கள் மொழியில் எந்தக் கத்தியையும் குறிக்கும். டச்சு உடற்கூற்று நூலொன்று 1774-இல் ஜப்பானிய மொழியில் வெளிவருமளவுக்கு அவர்கள் மருத்துவம் மதிக்கப்பட்டதால், ஜப்பானில் அது 'மெசு' ஆகி அறுவை மருத்துவரின் கத்தியாக மட்டும் சுருங்கியது. சமையற்காரரைக் குறிக்கும் 'கொக்கு'வும் டச்சுக் கொடையே. ஆங்கில 'நைஃபு' மேசைக்கும் சட்டைப்பைக்கும் உரியதாயிற்று. பொதுப்பெயரான ஹோச்சோவை மட்டும் எவராலும் அசைக்க முடியவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் வீட்டுச் சமையலில் இறைச்சி பெருகியபோது, கியூத்தோவின் வளைவும் காய்வெட்டும் 'நாகிரி'யின் அகலமும் கலந்த ஒரு கத்தி பரவியது. அதற்கு 'சந்தோக்கு' என்று பெயர்: மூன்று நற்குணம். இறைச்சி, மீன், காய் மூன்றுக்கும் உதவுவது என்பது வழக்கமான விளக்கம். அதற்கே 'புன்க்கா ஹோச்சோ', பண்பாட்டுக் கத்தி, என்றும் பெயர் உண்டு. 1920-களில் மேலைப்பாணி வீட்டையும் 'பண்பாட்டு வீடு' என்றே அழைத்தார்கள். பண்பாடு என்ற சொல்லே அங்கு மேலைமயத்தின் மாற்றுப்பெயராக இருந்த காலம் அது. மேலை அலகுக்கு இரண்டாம் முறையாகவும் கிடைத்தது சீன எழுத்துப் பெயர்தான்.

இப்போது பயணம் திரும்பியிருக்கிறது. ஜெர்மனியின் கத்தி நகரமான சோலிங்கன் சந்தோக்குகளைச் செய்து விற்கிறது. ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் 'பெட்டி' என்பது ஜப்பானியக் கத்தி வகையொன்றின் பெயர். பாரிசில் ஒருவர் அதைக் கேட்டு வாங்கும்போது தன் தாய்மொழிச் சொல்லையே ஜப்பானியச் சொல்லாக உச்சரிக்கிறார்.