ஒழுகாத தொட்டியின் கதை

வீடு கட்டுவோர் கழிப்பறைச் சாமான்கள் வாங்கக் கடைக்குச் சென்றால், கடைக்காரர் முதலில் காட்டுவது இரட்டைப் பொத்தான் கொண்ட பிளஷ் தொட்டியைத்தான். பெரிய பொத்தானை அழுத்தினால் 6 லிட்டர், சிறிய பொத்தானை அழுத்தினால் 3 லிட்டர் நீர் பாயும். தண்ணீர் மிச்சம் என்பார். அவர் சொல்வது உண்மையே. ஆனால் அதே தொட்டி, மிச்சப்படுத்தியதைவிட அதிகமான நீரை ஓசையின்றி வீணாக்கவும் கூடும் என்றால் நம்புவீர்களா? இங்கிலாந்தில் அப்படித்தான் நடந்தது. அந்த வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

1775-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலர், நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பிடத்திற்குக் காப்புரிமை பெற்றார். கோப்பைக்குக் கீழே வளைந்த குழாய் ஒன்றை அமைத்து, அதில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்குமாறு செய்தார். சாக்கடையின் நாற்றம் வீட்டுக்குள் ஏறாமல் அந்த நீர் தடுத்தது. 1778-இல் ஜோசப் பிராமா இக்கருவியைத் திருத்தி அமைத்தார். 1851-ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் கட்டணக் கழிப்பறைகளை நிறுவினார். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றைப் பயன்படுத்தினர். அதன்பின் இக்கழிப்பறை மேலும் பரவியது.

கழிப்பறைகள் பெருகவே, புதிய தொல்லை ஒன்று தோன்றியது. தொட்டியின் அடியில் இருந்த வால்வுகள் சரியாக மூடாமல் ஒழுகின. நகரத்துக்குத் தருவித்த நீர் இரவும் பகலும் சாக்கடைக்குப் போயிற்று. ஆகவே 1871-ஆம் ஆண்டின் இலண்டன் குடிநீர்ச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த விதிகள், ஒரு தடவைக்கு 2 காலன், அதாவது சுமார் 9 லிட்டர் நீர்தான் பாயலாம் என வரையறுத்தன. அக்காலத்துப் பிளஷ் தொட்டிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே 'நீர்விரயத் தடுப்பான்' என்பதுதான்! நீர்ச் சிக்கனம் நம் காலத்துப் புதுக் கவலை அன்று என்பதற்கு இப்பெயரே சான்று.

ஒழுகலைத் தடுக்கக் கையாண்ட வழி என்ன? மாணவர்கள் பள்ளியில் படிக்கும் சைபன் என்னும் வடிகுழாய்தான். தொட்டிக்குள் ஒரு குழாயைத் தலைகீழாக்கிய 'U' வடிவில் பொருத்தினார்கள். அதன் குட்டைக் கையின் வாய் தொட்டியின் அடிப்பக்கத்தில் திறந்திருக்கும். நெட்டைக் கை தொட்டியின் தரையைத் துளைத்துக்கொண்டு கோப்பைக்கு இறங்கும். மேல் வளைவோ, தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும். கைப்பிடியை அழுத்தினால், குட்டைக் கையில் உள்ள தட்டு சிறிது நீரைத் தூக்கி வளைவுக்கு அப்பால் தள்ளும். அந்த நீர் நெட்டைக் கையில் கீழே விழும்போது வளைவில் அழுத்தம் குறையும். தொட்டி நீரின் மேற்பரப்பை அழுத்தும் காற்று, எஞ்சிய நீரை வளைவுக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். நீர்மட்டம் குட்டைக் கையின் வாய்வரை இறங்கிக் காற்று உள்ளே புகுந்ததும் ஓட்டம் தானே நின்றுவிடும்.

இத்தொட்டியில் வால்வால் அடைக்க வேண்டிய துளையே இல்லை என்பதைக் கவனியுங்கள். யாரும் தூக்கிவிடாமல் நீர் தானாக மேலேறி வளைவைத் தாண்டாது. ஆகவே கோப்பைக்குள் ஒழுகவும் வழியில்லை. தட்டு கிழிந்தால் பிளஷ் வேலை செய்யாது. வீட்டார் உடனே அறிந்துகொள்வர். மிதவை பழுதடைந்து நீர் நிரம்பினாலும், சுவருக்கு வெளியே நீட்டிய வழிகுழாயில் கொட்டும். தெருவில் போகிறவரும் காண்பர்.

வால்வு இல்லாத இத்தொட்டியை விளம்பரம் செய்து விற்றவர்களில் தாமஸ் கிராப்பரும் ஒருவர். கழிப்பறையையே கண்டுபிடித்தவர் அவர் என்று பலர் எழுதுவது சரியன்று. அவர் பிறந்தது கம்மிங்கின் காப்புரிமைக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகுதான்!

20-ஆம் நூற்றாண்டு முழுவதும் பிரிட்டனில் சைபன் தொட்டியே விதியாக இருந்தது. இதனிடையே 1980-இல் ஆஸ்திரேலியாவில் புரூஸ் தாம்சன் இரட்டைப் பொத்தான் தொட்டியை உருவாக்கினார். அது 11 லிட்டரும் 5.5 லிட்டரும் பாய்ச்சியது. பிரிட்டனும் 9 லிட்டர் அளவை 1993-இல் 7.5 லிட்டராகவும், 2001-இல் 6 லிட்டராகவும் குறைத்தது. ஆனால் 2001-இல் இன்னொன்றும் செய்தது: வால்வுத் தொட்டிகளை அனுமதித்தது.

வால்வு இரவும் பகலும் நீரின் அழுத்தத்தைத் தாங்கியபடி தொட்டியின் அடியில் அமர்ந்திருக்கிறது. ரப்பர் வளையத்தில் மணல் துகளோ சுண்ணாம்புப் படிவோ சிக்கினால் இடுக்கு உண்டாகும். நீர் கோப்பையின் பின்சுவரில் மெல்லிய படலமாக வழியும். கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. பிரிட்டன் கழிப்பறைகளில் நாள்தோறும் சுமார் 40 கோடி லிட்டர் நீர் இவ்வாறு ஒழுகி வீணாவதாக 2020-இல் மதிப்பிட்டார்கள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? நால்வர் வாழும் வீட்டில் ஒவ்வொருவரும் நாளைக்கு 5 முறை பிளஷ் செய்வதாகக் கொள்வோம். 9 லிட்டர் தொட்டிக்கு 180 லிட்டர் ஆகும். இரட்டைப் பொத்தான் தொட்டியில் ஒருவருக்குப் பெரியது 1, சிறியது 4 என்றால் 18 லிட்டர். நால்வருக்கு 72 லிட்டர். மிச்சம் 108 லிட்டர். ஆனால் வால்வில் வினாடிக்கு 2 மில்லிலிட்டர் மட்டும் ஒழுகினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 173 லிட்டர் வீண். மிச்சம் போய்க் கூடுதல் செலவே ஆகிறது!

அப்படியானால் எதை வாங்குவது? நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை வால்வுத் தொட்டிகளே; ஆகவே பொத்தானில் உள்ள எண்ணோடு நின்றுவிடாதீர்கள். ரப்பர் வளையம் தனியே விற்கிறதா, தொட்டியைச் சுவரை உடைக்காமல் திறந்து அதை மாற்ற முடியுமா என்று கடையிலேயே கேளுங்கள். பொருத்திய பின் சில மாதங்களுக்கு ஒருமுறை, சமையலுக்குப் பயன்படும் வண்ணப்பொடியில் ஒரு சிட்டிகையைத் தொட்டி நீரில் கலந்து, அரை மணி நேரம் பிளஷ் செய்யாமல் விட்டுப் பாருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் வளையத்தை மாற்றும் நேரம் வந்துவிட்டது. நாற்பது கோடி லிட்டரைத் தடுக்கும் சோதனைக்கு ஒரு சிட்டிகைப் பொடி போதும்.