விலை கூறுவோரும் நிறை பார்ப்போரும்

புத்தளக் கடற்கரையில் கற்பிட்டிக் குடாநாட்டில் நுரைச்சோலை என்னும் ஊர் உளது. உப்பளங்களுக்கும் மீன்வாடிகளுக்கும் பெயர்பெற்ற அக்கரையில், 2011ஆம் ஆண்டு நிலக்கரி மின்நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கிற்று. 2014இல் அதன் மூன்று பொறித்தொகுதிகளும் நிறைவுற்று, மொத்த ஆற்றல் 900 மெகாவாட் ஆயிற்று. நிலக்கரி கொணரும் கப்பல்கள் கரைக்கு அப்பால் நிற்க, படகுகளே சரக்கை இறக்கி வரும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தால் அவ்வேலை நின்றுவிடும். ஆகவே, கடல் அமைதியாயிருக்கும் மாதங்களிலேயே ஆண்டு முழுமைக்குமான நிலக்கரியைச் சேர்த்துவைத்தல் வேண்டும். அதற்குரிய அந்நியச் செலாவணி குறைந்தால், அதன் சுமை ஈற்றில் குடிமக்களின் மின்கட்டணச் சீட்டில் வந்து விழும்.

அச்சுமையை அளந்து விதிப்பவர் யார்? விற்பவரே விலையும் கூறுவாராயின் வாங்குபவருக்கு நீதி கிட்டுதல் அரிது. இதனை உணர்ந்தே 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் இலங்கை மின்சாரச் சட்டம், மின்கட்டணத்தை ஆராய்ந்து ஒப்புதல் அளிக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தது. கட்டணத்துக்கான விண்ணப்பம் அதனிடம் வரும். ஆணைக்குழு கணக்கை ஆராயும். பொதுமக்களின் கருத்தைக் கேட்கும். பின்னரே தீர்ப்புக் கூறும். இந்நிறை பார்ப்போரை அமைச்சர் தாமாக நீக்கிவிடவும் இயலாது. அதற்குப் பாராளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும்.

இவ்வேற்பாடு கடுஞ்சோதனைக்கு உள்ளானது பொருளாதார நெருக்கடியின்போதாகும். ஒன்பது ஆண்டுகளின் பின், 2022 ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் உயர்ந்தது. இவ்விரண்டாம் உயர்வை ஆணைக்குழுவின் தலைவர் ஜனக்க ரத்நாயக்க எதிர்த்தார். ஏனைய உறுப்பினர்கள் ஒப்புதல் அளித்தனர். அமைச்சர் காஞ்சன விஜேசேகர தலைவர்மீது குற்றச்சாட்டுகளை முன்வைத்தார். 2023 மே 24ஆம் நாள் பாராளுமன்றத்தில், 123 வாக்குகள் சார்பாகவும் 77 வாக்குகள் எதிராகவும் அளிக்கப்பட, அவரைப் பதவிநீக்கும் தீர்மானம் நிறைவேறிற்று.

செலவுக்கேற்ற கட்டணம் இன்றேல் மின்சார சபையே நிலைகுலையும் என்றது ஒரு சாரார் வாதம். அரசின் விருப்புக்கு மாறாகப் பேசியமையே நீக்கத்துக்குக் காரணம் என்றது மறுசாரார் வாதம். எவ்வாறாயினும், பயிரைக் காக்கும் வேலிக்கும் ஒரு காவல் வேண்டும் என்பதும், அக்காவல் பெரும்பான்மையினரின் கையில் மட்டுமே இருப்பின் வேலி தளரக்கூடும் என்பதும் அன்று ஒருங்கே விளங்கின.

ஆயினும் வேலி சாய்ந்துவிடவில்லை. கட்டணத்தை மாற்றாது விடுமாறு மின்சார சபை கேட்டிருந்தும், பொதுமக்களின் கருத்தைக் கேட்டபின் ஆணைக்குழு 2025 ஜனவரியில் அதனைச் சராசரியாக 20 வீதம் குறைத்தது. அதே ஆண்டு ஜூனில் 15 வீதம் உயர்த்தவும் செய்தது. குறைத்தலும் கூட்டலும் கணக்கின் வழிப்பட்டனவாயின், மக்கள் அவற்றை ஏற்பர். அக்கணக்கை யாவரும் காணத் திறந்து வைத்தலும், திறந்து வைக்கப்பட்டதா எனக் கட்சி பாராது வினவுதலும் மன்றத்தின் கடனாகும். நுரைச்சோலையின் புகைபோக்கியை நாள்தோறும் காணும் கற்பிட்டி மீனவனுக்கும், இறைப்புப் பொறியால் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் உழவனுக்கும் அம்மன்றம் செலுத்த வேண்டிய கடன் அதுவே.