கிழமைக்கு மூன்று தரம்

"இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்த நிலையில்" எண்டு தொடங்கும் உதவி கோரல்களை எங்கட ஊர்ப் பேப்பர்களில் நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறம். ஒரு படம், ஒரு வங்கிக் கணக்கு இலக்கம், லட்சங்களில் ஒரு தொகை. பார்த்திட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பம். இந்தச் சிகிச்சையின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கின பிறகுதான், அதுக்குள்ள எங்கட முப்பது வருட யுத்தமும் கிடக்கு எண்டு விளங்கினது.

செயற்கைச் சிறுநீரகம் பிறந்ததும் ஒரு யுத்தத்துக்குள்ளேதான். 1943ஆம் ஆண்டு, ஜேர்மன் படைகள் பிடித்து வைத்திருந்த நெதர்லாந்து. கம்பன் என்ற சின்ன நகரத்தின் ஆஸ்பத்திரியில் (கம்பன் கழகத்துக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை) வில்லெம் கொல்ஃப் என்ற இளம் வைத்தியர். சாமான் தட்டுப்பாடு. சொசேஜ் இறைச்சியைப் பொதி செய்யும் செலோபேன் குழாயை எடுத்து, மரச்சட்ட உருளை ஒன்றில் சுற்றி, உப்புக்கரைசல் நிரப்பிய எனாமல் தொட்டிக்குள் சுழலவிட்டார். நோயாளியின் இரத்தம் குழாய்க்குள்ளால் ஓடும். கழிவு மட்டும் தொட்டிக்குள் கசியும். ஆரம்பத்தில் வந்த நோயாளிகள் அநேகமாக எல்லாரும் இறந்துபோனார்கள். 1945இல்தான் 67 வயதுப் பெண் ஒருவர் தெளிவாகப் பிழைத்தார். அவர் நாசிகளுக்கு ஒத்துழைத்தார் எண்டு சிறையில் வைக்கப்பட்டிருந்தவர். கொல்ஃப் அதைப் பார்க்கவில்லை.

இந்தக் கதை எங்களுக்கு அந்நியமில்லை. ஜாம் போத்தில் விளக்கையும், சைக்கிள் டைனமோவில் பாடின றேடியோவையும் அம்மாக்கள் இன்னும் சொல்லுவினம். ஆனால் டயலிசிஸ் அப்படிச் சமாளிக்கக்கூடிய சாமான் இல்லை. ஒரு தரத்துக்கு நாலு மணித்தியாலம், ஏறத்தாழ 120 லீற்றர் சுத்திகரித்த தண்ணீர், நிற்காத மின்சாரம். மின் நின்றால் குழாய்க்குள் நிற்கும் இரத்தம் உறையும். கிழமைக்கு மூன்று தரம், வருடக்கணக்காக. தவறினால் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கலாம், நுரையீரலில் நீர் கோர்க்கலாம்.

இந்த "வருடக்கணக்கு" 1960இல் வந்தது. அதுவரை ஒவ்வொரு தரமும் புதிதாக ஒரு இரத்தக்குழாயை வெட்டவேண்டியிருந்தது. சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் ஒரு டெஃப்லான் குழாயைக் கையிலேயே நிரந்தரமாகப் பொருத்தி அந்தச் சிக்கலைத் தீர்த்தார். ஆனால் இயந்திரங்கள் கொஞ்சம், நோயாளிகள் கனக்க. யாருக்கு இடம் கொடுப்பது எண்டு பெயர் வெளியிடாத ஏழு பேர் கொண்ட குழு ஒன்று தீர்மானித்தது. அதில் ஒரு மதகுரு, ஒரு வழக்கறிஞர், ஒரு இல்லத்தரசி எல்லாம் இருந்தார்கள். 1962இல் 'லைஃப்' சஞ்சிகை அதை எழுத, அமெரிக்கா அதிர்ந்தது.

எங்கட பக்கம் அப்படி ஒரு குழுவும் தேவைப்படவில்லை. பாதையே தீர்மானித்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் 1978இல் தொடங்கினது. 1985இல் கொழும்பில் பேராசிரியர்கள் ஷெரிஃப்தீனும் ரெஸ்வி ஷெரிஃபும் இலங்கையின் முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையைச் செய்தார்கள். 1987இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. அதே 1987இன் ஒக்ரோபரில், தீபாவளி நாளில், எங்கட பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய இராணுவம் புகுந்து வைத்தியர்கள், தாதியர், நோயாளிகள் எண்டு அறுபதுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றது. இரண்டையும் ஒரே வருடத்தில் வைத்துப் பார்க்க எங்களுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

1990இல் பாதை மூடினது, மின்சாரமும் அறுந்தது. பிறகு கிளாலிக் கடல், இரவுப் படகு. அதுக்குப் பிறகு கப்பல், விமானம், கிளியரன்ஸ். கிழமைக்கு மூன்று தரம் இயந்திரம் தேவைப்படும் ஒருவர் கிளாலியைக் கடந்து கொழும்பு போய் வரமுடியாது; அங்கேயே வாடகைக்கு அறை எடுத்துத் தங்கவேணும். அதுக்கு வெளிநாட்டில் பிள்ளை வேணும். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தவருக்கும் விடுதலை இல்லை. உடம்பு அந்தச் சிறுநீரகத்தை நிராகரிக்காமல் இருக்க மாத்திரையை நாள் தவறாமல் போடவேணும். 2002இல் திறந்த ஏ9, 2006 ஓகஸ்ட்டில் திரும்ப மூடினது.

இப்ப பெரியாஸ்பத்திரியில் டயலிசிஸ் இருக்கு. ஆராய்ச்சியும் ஓடிக்கொண்டிருக்கு. 2023இல் வெளிவந்த 'கன்வின்ஸ்' ஆய்வில், ஹீமோடயாஃபில்ட்ரேஷன் என்ற முறை வழமையான டயலிசிஸை விட இறப்பு அபாயத்தை 23 வீதம் குறைத்தது. ஆனால் அதில் ஒரு தரத்துக்கு 23 லீற்றர் அளவு மிகத் தூய திரவம் நேரே இரத்தத்துக்குள் ஏற்றப்படும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து வழக்கு உயர் நீதிமன்றம் வரை போன குடாநாட்டில், தண்ணீர் எண்டதும் நாங்கள் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்வம்.

எங்களுக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது ஒரு மாத்திரை. 1835இல் ஆப்பிள் மரப்பட்டையில் கண்டுபிடித்த புளோரிசின் என்ற பொருளின் வழிவந்தது டப்பாகிளிஃப்ளோசின். சலரோகத்துக்கு எண்டு வந்த மருந்து. 2020இல், 4,304 சிறுநீரக நோயாளிகளில் செய்த ஆய்வில், சலரோகம் இல்லாதவர்களுக்கும் சேர்த்து, சிறுநீரகம் மோசமாகப் பழுதாவதும் அதோடு சேர்ந்த இறப்புகளும் 39 வீதம் குறைந்தன. ஆனால் இது வேளைக்குத் தொடங்கினால்தான் பெரிய பிரயோசனம். காலும் முகமும் வீங்கும்வரை சிறுநீரகம் வாய் திறக்காது. அதுக்கு முன்னம் காட்டித்தருவது சிறுநீரில் அல்புமின் போகுதா எண்டு பார்க்கிற சாதாரணப் பரிசோதனை. அடுத்த தரம் அம்மம்மாவை சலரோகக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகேக்க, அவவின்ர கொப்பியில் அந்த முடிவு எழுதியிருக்கா எண்டு பாருங்கோ. இல்லாட்டி, டொக்டரிட்டக் கேளுங்கோ.