கணக்கேடு யார் கையில்?

பலாங்கொடை நகரைச் சூழ்ந்து மலைச்சரிவுகளிற் பரந்து கிடக்கும் தோட்டங்களின் லயங்களில், உயர்தர வகுப்பிற் கற்கும் பிள்ளையொன்று தன் தாயின் கடன் தவணைகளைக் கைத்தொலைபேசியிலுள்ள விரிதாளில் வரிசைப்படுத்தி வைப்பது இன்று வியப்புக்குரிய காரியமன்று. கடன் தொகை, வட்டி வீதம், மாதங்கள் ஆகிய மூன்றையும் இட்டால் தவணைப் பணம் எவ்வளவு என்று உடனே சொல்லிவிடும் இணையக் கணிப்பான்களும் பல உண்டு. சிக்கனத்தைப் பற்றி உபதேசம் செய்வோர் இவற்றைத் தனிமனித ஒழுக்கத்தின் சாதனங்களாகப் போற்றுகின்றனர். நாம் இவற்றை வேறொரு கண்கொண்டு நோக்க விரும்புகின்றோம். தோட்டத் தொழிலாளி தன் கடனைத் தானே எழுதித் தானே கூட்டிச் சரிபார்க்கும் நிலை மலையகத்தின் வரலாற்றில் மிகப் புதியது. அதற்கு முன் அந்தக் கணக்கு யார் கையில் இருந்தது, அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி, கங்காணியின் கொடுமைகளைப் பேசும் நூல்களிற்கூடப் போதிய இடம் பெறவில்லை.

தென்னிந்தியக் கிராமத்தை விட்டு ஒருவன் புறப்படும்போதே அவனுடைய பெயரில் ஒரு கடன் பிறந்துவிடும். கிராமத்தில் அவன் பட்டிருந்த சில்லறைக் கடனைத் தீர்ப்பதற்குக் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, வந்து சேர்ந்ததும் வழங்கப்பட்ட கம்பளி, முதற் சம்பளம் வரும்வரை அளந்து கொடுத்த அரிசி ஆகிய யாவும் அதில் ஏறின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘தகரச் சீட்டு’ முறை வந்தது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த ஒரு தகரத் தகட்டைக் கழுத்திற் கட்டிக்கொண்டு வருபவனுக்குப் பிரயாணத்துக்கு ரொக்கப் பணம் தேவையில்லை. செலவு தோட்டத்தின் கணக்கிற் பதியப்பட்டுப் பின்னர் அவனிடமிருந்து அறவிடப்பட்டது. வழியிலே எவ்வளவு செலவாயிற்று என்பதை அந்தத் தகட்டை அணிந்தவன் அறிய வழியில்லை. அவன் கழுத்தில் இருந்தது இலக்கம். தொகை வேறெங்கோ ஓர் ஏட்டில் இருந்தது.

இதனினும் விசித்திரமானது ‘துண்டு’. ஒரு கங்காணியும் அவன் கீழுள்ள கூட்டமும் இந்தத் தோட்டத்துக்குத் தர வேண்டிய கடன் இவ்வளவு, அத்தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதத் துண்டே அது. ஆள் பற்றாக்குறையால் தவிக்கும் வேறொரு தோட்டம் அத்துண்டுக்குரிய பணத்தைக் கட்டிக் கூட்டத்தைக் கொண்டு செல்லும். கட்டிய பணம் அங்கே புதிய கடனாகக் கணக்கிற் சேரும். அடுத்த முறை கங்காணி துண்டு கேட்கும்போது முன்னைய தொகையோடு இடையிலே வாங்கிய முன்பணமும் சேர்ந்து துண்டு இன்னும் பருத்திருக்கும். தோட்டங்கள் ஆளுக்காகப் போட்டியிடப் போட்டியிட, கங்காணிக்குப் பேரம் பேசும் வலிமை கூடிற்று. தொழிலாளியின் தலைமீதிருந்த கடனும் கூடிற்று. நுள்ளிக் கொழுந்தெடுத்த பெண்ணுக்கோ கவ்வாத்து வெட்டியவனுக்கோ இந்தப் பேரத்தில் ஒரு சதமும் சேரவில்லை. ஆயினும் கடனாளிகள் அவர்களே. எழுதத் தெரியாத ஒருவனுக்குத் தன் கடன் வளர்ந்த கதை, ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்கு மூட்டையைத் தூக்கும் நாளில் மட்டும் காதில் விழும் செய்தியாக இருந்தது.

இங்கே நாம் சற்று நின்று ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும். உண்மையிற் கடனாளி யார்? 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம், ஒரு மாதத்துச் சம்பளத்தை அம்மாதம் முடிந்து அறுபது நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று விதித்தது. தொழிலாளியைக் காக்க வந்த சட்டமென்றே இது பாராட்டப்படுகிறது. அதற்கு முன்னிருந்த நிலையோடு ஒப்பிட்டால் பாராட்டுக்கு உரியதுதான். ஆனால் கணக்கேட்டின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அதன் பொருள் வேறு. மாதத்தின் முதல் நாள் வெட்டிய கவ்வாத்துக்கு மூன்று மாதம் கழித்துக் கூலி கொடுக்கலாம் என்று சட்டமே அனுமதித்தது. அதாவது ஒவ்வொரு தொழிலாளியும் இடையறாமல் தன் உழைப்பைத் தோட்டத்துக்கு வட்டியின்றிக் கடனாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தக் கடனைத் தோட்டம் தாமதித்த காரணத்தால் அவன் அரிசிக்கும் உப்புக்கும் கங்காணியிடம் கை நீட்டினான். தான் கொடுத்த கடன் எந்த ஏட்டிலும் கடன் என்ற பெயரிற் பதியப்படவில்லை. தான் வாங்கிய கடன் மட்டும் பதியப்பட்டது.

கோப்பித் தொழில் சரிந்த காலத்தில் இந்த உண்மை அப்பட்டமாக வெளிப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் தோட்டங்களை அழிக்க, முதலீட்டாளர்கள் முறிந்தார்கள். மாதக்கணக்கில் நின்றுபோன சம்பளங்களோடு தொழிலாளர் நடுத்தெருவில் விடப்பட்டனர். தொழிலாளரின் கூலிக்குத் தோட்டச் சொத்தின்மீது முதல் உரிமை உண்டு என்று 1884இல் ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. கூலிக்காரனே தோட்டத்தின் கடன்காரன், அதாவது கடன் கொடுத்தவன் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட அரிய தருணம் அது. மறுபுறத்தில், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு நீங்கும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம். கூலி கொடுக்காத துரையிடம் நடைமுறையில் அதே கண்டிப்பு காட்டப்படவில்லை.

கணக்கு எழுதப்பட்ட முறையும் கவனத்துக்குரியது. காலையிற் பெரட்டுக்களத்திற் பெயர் பதிவாகும். மாலையிற் கொழுந்தின் நிறை பார்த்து அது முழுப்பேரா அரைப்பேரா என்று தீர்மானிக்கப்படும். செக்ரோல் ஏட்டில் அரைப்பேர் விழுந்தால் அரைநாட் கூலியே கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆணுக்கு நாட்கூலி ஏறத்தாழ 33 சதம். பெண்ணுக்கு அதனினும் குறைவு. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் பெரிய கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. சம்பள நாளன்று கணக்கப்பிள்ளை வாசிக்கும் தொகையிலிருந்து அரிசியும் முன்பணமும் கழிந்து மிஞ்சுவது எவ்வளவோ அதுவே சம்பளம். கழித்தது சரியா என்று கேட்பவன் எதைக் காட்டிக் கேட்பான்? சுவரிற் கரிக்கோடு கிழித்து வேலைநாளை எண்ணி வைத்தாலும், செக்ரோலின் முன் கரிக்கோடு சாட்சியாகாது.

பொன்னம்பலம் அருணாசலம் 1915இல் சமூக சேவைச் சங்கத்தையும் 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் அமைத்து, தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பும் சட்டங்களுக்கு எதிராக வாதாடினார். இந்திய அரசாங்கத்தின் சார்பில் மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரும் இலங்கை, மலாயாத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து 1917இல் அறிக்கை அளித்தனர். கடற்கரைக்கு அப்பாலிருந்து ஆள் வருவதே நின்றுவிடுமோ என்ற அச்சம் தோட்ட முதலாளிகளுக்கு அருணாசலத்தின் வாதத்தைக் காட்டிலும் நன்கு விளங்கிற்று என்பது நமது எண்ணம். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையைச் சட்டவிரோதமாக்கியது. சபரகமுவவில் அதற்கு இரண்டாண்டுகள் முன்னர்தான், 1919இல், களனிப் பள்ளத்தாக்கு இரயில் பாதை இரத்தினபுரியைத் தாண்டிப் பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள ஓப்பநாயக்க வரை நீண்டிருந்தது. தேயிலையும் இறப்பரும் இறாத்தல் பிசகாமல் கணக்கிடப்பட்டுக் கொழும்புக்கு இறங்கின. அந்தப் பாதை பின்னர் மூடப்பட்டு, இன்று அவிசாவளையோடு நின்றுவிட்டது.

துண்டு ஒழிந்த அதே ஆண்டில் ‘தேச நேசன்’ பத்திரிகையின் மூலம் தொழிலாளர் பிரச்சினைகளைப் பேசத் தொடங்கினார் கோ. நடேசய்யர். இவரைப் பேச்சாளராகவும் சங்கவாதியாகவும் நாம் அறிவோம். இவர் தஞ்சாவூரில் ‘வர்த்தக மித்திரன்’ என்ற வணிக இதழை நடத்தியவர், வணிகமும் கணக்கும் அறிந்தவர் என்பதை நினைவுகூர்வோர் சிலரே. தோட்டங்களுக்குள் வெளியார் நுழையத் தடையிருந்த காலத்தில், புடைவை வியாபாரியின் வேடத்தில் லயங்களுக்குட் சென்று நிலைமைகளை அறிந்துவந்தார் என்பர். பிறர் கண்ணீரைக் கண்ட இடத்தில், பேரேட்டின் இரு பக்கங்களையும் காணப் பழகிய கண் அவருடையது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்து, 1929 தொடக்கம் ஆண் தொழிலாளிக்கு மேல்நாட்டில் 54 சதம், நடுநாட்டில் 52 சதம், கீழ்நாட்டில் 50 சதம் என்று கூலி நிர்ணயிக்கப்பட்டபோது, முதன்முறையாகத் தொழிலாளி மனத்திலே பெருக்கிப் பார்க்கக்கூடிய ஓர் எண் அவனுக்குக் கிடைத்தது. இருபத்தாறு நாள் வேலை, நாளுக்கு 52 சதம். பதின்மூன்று ரூபாவும் 52 சதமும். கையில் வந்தது அதனிற் குறைந்தால் ஏன் என்று கேட்கலாம். 1931இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை நிறுவியபோது, அவ்வாறு கேட்பதற்குத் துணையும் கிடைத்தது.

பிற்காலத்தை விரைவாகக் கடக்கலாம். கங்காணியின் இடத்திற் கடைக்காரரும் அடகு பிடிப்போரும் வந்தனர். தீபாவளி முற்பணம் தோட்டக் காரியாலயத்தின் வழக்கமாயிற்று. பெண்கள் தமக்குள் சீட்டுப் பிடித்தனர். 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. சம்பளப் பிடித்தங்களின் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே வந்தது. இந்தப் பட்டியலுக்குப் புறத்தே நின்று, லயத்து வாசலுக்கே வந்து பணம் கொடுத்தது நுண்கடன். பிணையாகக் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் போதும். நிலவுறுதியோ நகையோ தேவையில்லை. இரண்டும் இல்லாதவர்களுக்கு இது வரமாகத் தோன்றியதில் என்ன வியப்பு? ஒருத்தி தவணை தவறினால் ஏனையோர் கட்ட வேண்டும் என்ற விதி, கூட்டம் முழுவதையும் ஒரே தொகைக்குப் பொறுப்பாக்கிய பழைய துண்டின் சாயலைக் கொண்டது.

விரிதாள் இவ்விடத்திலேதான் தன் வேலையைக் காட்டுகிறது. எடுத்துக்காட்டாக, 60,000 ரூபா கடன், ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வட்டி, பன்னிரண்டு மாதத் தவணை என்று கொள்வோம். வட்டி 14,400, மொத்தம் 74,400, மாதம் 6,200. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் கடன் பெற்றவள் 60,000 ரூபாவையும் ஆண்டு முழுவதும் வைத்திருப்பதில்லை. மாதந்தோறும் திருப்பித் தந்துகொண்டே இருக்கிறாள். ஆறு தவணை கட்டிய பின்னர் அவள் செலுத்தியது 37,200. அப்பொழுது உண்மையில் அவளிடம் எஞ்சி நிற்கும் கடன் ஏறத்தாழ 33,000. வட்டியோ இன்னும் அறுபதினாயிரத்துக்கே போடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதிக்கு மட்டும் வட்டி எனக் கொண்டு ஒவ்வொரு வரியாக நிரப்பிப் பார்த்தால், ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 42 என்ற விடை வரும். துண்டுப் பிரசுரத்தில் 24; விரிதாளில் 42. நுண்கடன் கம்பனிகளுக்கு இலங்கை மத்திய வங்கி 2018இல் விதித்த 35 என்ற உச்ச வரம்பையும் இது தாண்டிவிடும். குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி காணும் முறை சாதாரணதரக் கணிதப் பாடத்தில் உள்ளதுதான். அதைப் பரீட்சை வினாவாக மட்டும் கற்பிக்கும் ஆசிரியர்கள், அடுத்த முறை மாணவரின் வீட்டிலிருக்கும் கடன் அட்டையின் எண்களைக் கரும்பலகையில் இட்டுப் பார்ப்பார்களாக. பெயரை எழுத வேண்டியதில்லை.

இணையக் கணிப்பானைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது கேட்கும் வட்டி வீதத்தில் 24 என்றே இட்டால், குறையும் மீதிக்கு உரிய தவணையைக் காட்டும். அது 5,700 ரூபாவுக்குள் அடங்கும். கடன் அட்டையில் உள்ள 6,200க்கும் அதற்கும் உள்ள வித்தியாசமே வினவப்பட வேண்டிய தொகை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களது நுண்கடன்களை அரசாங்கம் ஓரளவு இரத்துச் செய்ததும், 2021 மார்ச்சில் ஹிங்குரக்கொடையில் பெண்கள் கூடிச் சத்தியாக்கிரகம் இருந்ததும், இத்தகைய வினாக்கள் தனி வீட்டின் வெட்கமாக இருந்த நிலை மாறிப் பொதுக் கோரிக்கையானதன் விளைவுகளே. அங்கிருந்தோர் விவசாயக் கிராமங்களின் சிங்களப் பெண்கள். பலாங்கொடை லயத்துப் பெண்ணின் அட்டையும் அவர்களுடைய அட்டையும் ஒரே வாய்பாட்டில் எழுதப்பட்டவை.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. கடன் திருப்பிச் செலுத்தும் விரிதாள்கள் சில மேல் வரியில் மாத வருமானத்தைக் கேட்கின்றன. நிலையான சம்பளக்காரனை மனத்திற் கொண்டு அமைக்கப்பட்டவை அவை. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் வெளிவந்தது. அதை எத்தனை நாளாற் பெருக்குவது? மழைக்காலத்தில் ஒன்று, வறட்சியில் ஒன்று. நிறை குறைந்தால் அரைப்பேர். அந்தச் சம்பளமும் உழைத்த மாதம் முடிந்து, அடுத்த மாதத்துப் பத்தாந் தேதியளவில் கைக்கு வருகிறது. தவணை சேர்ப்பவர் அதுவரை காத்திருப்பதில்லை. பலாங்கொடைப் பிள்ளையின் விரிதாளில் கடன் நிரல்கள் யாவும் சதம் பிசகாமல் நிரம்பியிருக்க, வருமானத்துக்குரிய முதற் கட்டத்தில் ஒவ்வொரு மாதமும் ஓர் உத்தேச எண்ணே இடப்படுகிறது.