மூடும் சொற்கள்

அஞ்சல் உறை 'கவர்'. புத்தகத்துக்கு இடும் அட்டை 'கவர்'. கடைக்காரர் பொருளைப் போட்டுத் தரும் பையும் 'கவர்'. காரியம் ஆவதற்காகக் கமுக்கமாக நீட்டப்படும் பணமும் 'கவர்'தான். உறை, அட்டை, பை எனத் தமிழில் தனித்தனியே வழங்கியவற்றை ஒற்றை ஆங்கிலச் சொல் விழுங்கிவிட்டது. அச்சொல்லோ ஆங்கிலத்துக்கும் வந்தேறியதே.

1066ஆம் ஆண்டு நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு கோலோச்சியது. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் பிறக்க 1362 வரை ஆயிற்று. 'மூடு' எனப் பொருள்படும் 'கூவ்ரிர்' என்ற பிரெஞ்சு வினை ஆங்கிலத்துக்கு ஈந்த சொற்களுள் மூன்று சிந்திக்கத் தக்கவை.

முதலாவது 'கர்ச்சீப்'. தலையை மூடுவது என்பதே இதன் பொருள். பெண்டிர் தலையில் கட்டிய துணியைக் குறித்தது. பின்னர் கையில் வைத்துக்கொள்ளும் துணிக்கும் இப்பெயரே வேண்டியிருந்ததால், முன்னே 'ஹாண்ட்' சேர்த்தனர். தலைத்துணி கைத்தலைத்துணி ஆயிற்று! நாம் அந்த 'ஹாண்ட்'டைக் கழற்றிவிட்டுக் கர்ச்சீப் என்கிறோம். துணி சட்டைப்பையில் இருக்கிறது. பெயர் மட்டும் தலைக்கே திரும்பிவிட்டது.

இரண்டாவது 'கர்ஃப்யூ'. இதன் பொருள் 'நெருப்பை மூடு'. மர வீடுகளும் கூரை வீடுகளும் நெருங்கிய இடைக்கால ஐரோப்பிய ஊர்களில், மாலையில் மணி ஒலித்ததும் அடுப்புத் தணலை மூடிவிட வேண்டும். தீ விபத்தைத் தடுக்க எழுந்த அந்த ஏற்பாட்டின் பெயர், பிற்காலத்தில் மனிதர் நடமாட்டத்தைத் தடுக்கும் ஆணைக்கு உரியதாயிற்று. மூடப்படுவது தணல் அன்று, தெரு. இதற்கு நாம் வழங்கும் 'ஊரடங்கு' என்ற சொல்லையும் உற்றுநோக்க வேண்டும். 'அடங்கு' தன்வினை, 'அடக்கு' பிறவினை. ஊர் தானே அடங்கியதாகச் சொல்கிறது சொல். அடக்கியவர் அதில் தென்படுவதில்லை.

மூன்றாவது, அகராதிக்கு வெளியே அதிகம் அறியப்படாத 'கவர்ச்சர்'. இங்கிலாந்தின் பொதுச்சட்டத்தில் மணமான பெண்ணுக்கு 'ஃபெம் கவர்ட்' என்று பெயர். மூடப்பட்ட பெண் என்பது பொருள். மணமாகாதவளும் கைம்பெண்ணும் 'ஃபெம் சோல்', அதாவது தனித்த பெண். திருமணத்தோடு மனைவியின் சட்ட ஆளுமை கணவனுடையதில் கரைந்துவிடும் என்பதே கோட்பாடு. அவள் ஈட்டிய ஊதியம் அவனுடையது. தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவோ தனியே வழக்குத் தொடுக்கவோ அவளுக்கு உரிமையில்லை. 1765இல் தம் சட்ட விளக்க நூலை வெளியிடத் தொடங்கிய பிளாக்ஸ்டோன், இதனைப் பெண்ணுக்கு அளிக்கப்பட்ட பாதுகாப்பு என்றே கருதினார்.

அப்பாதுகாப்பு எத்தகையது என்பதைக் கரோலைன் நார்டன் என்ற எழுத்தாளரின் வாழ்க்கை காட்டும். 1836இல் கணவனைப் பிரிய நேர்ந்த அவரிடமிருந்து மூன்று பிள்ளைகளும் பறிக்கப்பட்டனர். அவர் எழுதி ஈட்டிய பணமும் சட்டப்படி கணவனுக்கே உரியது. அவர் போராட்டத்தின் பயனாக 1839இல் குழந்தைகள் காவல் சட்டம் வந்தது. மனைவியின் ஊதியம் அவளுக்கே என 1870ஆம் ஆண்டுச் சட்டமும், சொத்தைத் தன் உடைமையாக வைத்திருக்கலாம் என 1882ஆம் ஆண்டுச் சட்டமும் கூறின. ஒரு சொல்லின் மூடியைத் திறக்க இத்தனை காலம்!

மூடுதல் காப்பதும் ஆகும், மறைப்பதும் ஆகும். 'பாதுகாப்பு என்ற போர்வையில்' என்று நாம் சொல்வதில் இவ்விரண்டும் அடங்கும். ஆகவே சொல் மூடும்போது இரண்டு வினாக்கள் கேட்பது நன்று: உள்ளே இருப்பது யார்? மூடியைப் பிடித்திருக்கும் கை யாருடையது?