பெட்டிக்குள் ஒரு பழைய இசைத்தட்டு இருக்கா?



லத்தீன் தாளத்தோடு றொக் கிற்றார் கலந்த சந்தானாவின் 'அப்ராக்சஸ்' 1970இல் வெளிவந்தது. 1998இல் கொலம்பியா கம்பனி அதைப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டது. மூல ஒலிநாடா பத்திரமாக இருந்தது, முடிந்தது.

அந்த இசைக்குத் தூரத்துச் சொந்தம் எங்களிடமும் உண்டு: பைலா. போர்த்துக்கேயரும் ஆபிரிக்கரும் இலங்கையில் விட்டுச்சென்ற தாளம். எங்கள் ஊர்காவற்றுறையின் 'கயிற்ஸ்' என்ற பெயரே துறைமுகத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தது என்பார்கள். அந்தத் தாளத்தில் ஏ.ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' கடல் தாண்டிப் போனது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' இன்றும் வாயில் நிற்கிறது.

ஆனால் அந்தக் காலத்து இசைத்தட்டுகள் எங்கள் வீடுகளில் எங்கே? 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களான நாங்கள் வெளியேற்றப்பட்டபோது பிள்ளைகளைத்தான் தூக்கினோம், பாட்டுப்பெட்டியை அல்ல. அந்த வருடங்களில் தீவகத்துத் தமிழ் உறவுகளும் அப்படித்தான் இடம்பெயர்ந்தார்கள். இழப்பு இருவருக்கும் ஒன்று.

மறுவெளியீடு செய்ய நாளை யாரும் வரலாம். தட்டே இல்லாவிட்டால் வந்தும் பயனில்லை. ஆகவே பழைய இசைத்தட்டோ கசற்றோ கிடைத்தால் எறியாதீர்கள். உறையில் பாடியவர் பெயர், வருடம், எந்த வீட்டில் இருந்தது என்று எழுதி வையுங்கள். அதுவும் எங்கள் வரலாறுதான்.