போலியும் பொருளும்

இலக்கணத்திலே 'போலி' வசைச்சொல் அன்று. 'நிலம்' என்பது 'நிலன்' என வந்தாலும் பொருள் மாறுவதில்லை, அதனால் ஏற்றுக்கொள்கிறோம். கட்டடத்துக்கும் இவ்விதி பொருந்துமா, நேயர்களே?

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை வரைந்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். 1959இல் திறக்கப்பட்ட அது 1981இல் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. எரிந்த சுவர்களை நினைவுச் சின்னமாக விடுவதா, மீளக் கட்டுவதா என்ற வாதம் எழுந்தது. ஈற்றில், பழைய தோற்றத்திலேயே வெண்ணிற மாளிகை மீண்டும் நிமிர்ந்தது.

இது வெறும் நகல்தானா? தோற்றம் படங்களிலும் கண்டோர் நினைவிலும் இருந்தமையால் அதனைப் படியெடுக்க முடிந்தது. வேறு படியில்லாத ஏடுகளோ மீளவேயில்லை. நம் பழந்தமிழ் நூல்களும் ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்தெழுதப்பட்டே நம்மிடம் வந்து சேர்ந்தன. எனவே படியெடுத்தல் குற்றமன்று. படியெடுக்காது விட்டதே நம் இழப்பைப் பெருக்கியது.

நூலகம் என்ற சொல்லுக்குப் பொருள் வாசிப்பே. நம் பிள்ளைகள் அங்கே சென்று வாசிக்கும்வரை அந்தக் கட்டடம் இலக்கணம் ஏற்கும் போலியே. வெள்ளைப் பூச்சைக் கண்டு பழைய தீயை அவர்கள் அறியாதிருந்தால், அன்றுதான் அது பொய்யாகும்.